லேபர் வார்டில் துணைக்கு ஆள், கேட்காமல் போடும் காப்பர் டி: விதி என்ன?

மணவைவாசி:
தங்கச்சிக்குத் தலைப்பிரசவம், 34 வாரம். அரசு ஆஸ்பத்திரியில்தான் பார்க்கிறோம். அம்மாவை லேபர் வார்டுக்குள் விடுவார்களா? பிள்ளை பிறந்ததும் சொல்லாமலே கர்ப்பப்பையில் கருத்தடைக்கான காப்பர் டி போட்டுவிடுவார்கள் என்கிறார்களே, தடுக்க முடியுமா?

பேறுகாலச் செவிலி:
துணைக்கு ஒருவர் இருக்கலாம். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004லிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. 2016ல் மத்திய அரசும் வழிகாட்டுதல் கொடுத்தது. பிள்ளை பெற்ற பெண்ணாக இருந்தால் நல்லது. காய்ச்சல், இருமல், தொற்று இருக்கக் கூடாது. ஆள் மாற்றி ஆள் வராமல் ஒருவரே கடைசி வரை இருக்க வேண்டும். கணவர் என்றால், கட்டிலுக்குக் கட்டில் திரை இருக்கிற இடத்தில்தான் விடுவார்கள். பெரும்பாலும் சிக்கல் வருவது, "செக் பண்ணணும், வெளியே இருங்க" என்று அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட மறப்பதில். பரிசோதனை முடிந்ததும் அம்மாவே கதவைத் தட்டட்டும், தப்பில்லை. உள்ளே இடுப்பைத் தேய்த்துவிடலாம், தண்ணீர் கொடுக்கலாம், நடக்க வைக்கலாம். மருந்து, ஊசி விஷயத்தில் தலையிட வேண்டாம்.

காப்பர் டிக்குச் சம்மதம் வாங்க வேண்டிய நேரம் கர்ப்பகாலச் செக்கப். அதிகம் போனால் வலி ஆரம்பிக்கும் கட்டம். வலி உச்சத்தில் துடிக்கும்போது வாங்குகிற கையெழுத்து சம்மதமே ஆகாது. "நஞ்சுக்கொடி விழுந்ததும் போட்டாகணும், நேரமில்லை" என்பார்கள். உண்மையில் 48 மணி நேரம் வரை போடலாம், அதுவும் தப்பினால் 6 வாரம் கழித்துப் போடலாம். அதனால் அவசரம் என்பது சாக்கு. அடுத்த செக்கப்பிலேயே "வேண்டாம்" என்று சொல்லி, தாய்-சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் படித்துப் பாருங்கள், போட்டிருந்தால் அதில் இருக்க வேண்டும்.

கரிசல்:
அட்டையில் எழுதினால் மட்டும் போதுமா? ராத்திரி ஷிஃப்டில் யார் அதைப் புரட்டுகிறார்கள்? அட்மிஷன் போடும்போது கேஸ் ஷீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். சட்டம் பேசிக்கொண்டு போகாதீர்கள், தன்மையாகக் கேட்டாலே எழுதுவார்கள்.

இன்னொன்று, வயிற்றை மேலிருந்து அமுக்கிப் பிள்ளையைத் தள்ளுவது. உலக சுகாதார நிறுவனம் 2018லேயே கூடாது என்றது. எல்லாருக்கும் வழக்கமாகப் பிறப்பு வழியைக் கீறித் தையல் போடுவதையும் அதே வழிகாட்டுதல் ஏற்கவில்லை. தேவைப்பட்டுக் கீறினால், மரத்துப்போகிற ஊசி போட்ட பிறகுதான் கீறலும் தையலும். பல் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை.

பேறுகாலச் செவிலி:
கரிசல் சொல்வது சரி, கேஸ் ஷீட்தான் முக்கியம். பிறகு அதன் நகல் வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

மணவைவாசி:
பிள்ளையைக் காட்ட, தள்ளுவண்டி தள்ள என்று காசு கேட்டால்?

கரிசல்:
2011லிருந்து அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாமே இலவசம். சாப்பாடும் உண்டு, சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள். யார், எந்த ஷிஃப்ட், எவ்வளவு என்று குறித்துக்கொண்டு அரசு சுகாதார உதவி எண் 104க்குச் சொல்லுங்கள்.