மறு: கவுன்ட்டர்பாய்ஸ் – ‘ஈடுகடத்தி’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரேடியோ ஆன்டெனாவுக்கு மறுபாதியாக அமையும் கம்பி, உலோகப் பரப்பு போன்றவற்றை ஆங்கிலத்தில் கவுன்ட்டர்பாய்ஸ் (counterpoise) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் இதுவரை எதிர்நிறை, நிலக்கம்பி என்ற இரண்டு சொற்கள் வந்துள்ளன. இரண்டையும் ஒரு பாய்மரப் படகில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டுமே நிறைவாக இல்லை.

படகிலேயே வசித்துக்கொண்டு ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) இயக்குகிறவர்களில் பலர், பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பியையே ஆன்டெனாவாக்கிக் கொள்கிறார்கள். மேலும் கீழும் இன்சுலேட்டர், அடியில் ட்யூனர், அதாவது கம்பியை ரேடியோவுக்கு இசைய வைக்கும் பெட்டி. ஆனால் அது பாதி ஆன்டெனாதான். கம்பிக்குள் எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ, ட்யூனரின் மறுமுனையிலும் அவ்வளவு ஓடியாக வேண்டும். கரையில் அதற்குத் தரையில் கம்பிகளை விரிப்போம். கடலில் தரைக்கு எங்கே போவது? ட்யூனரிலிருந்து அகலமான செப்புத் தகட்டை இழுத்து, படகின் அடியில் நீரைத் தொடும் வெண்கலப் பொருத்தில் இணைக்கிறார்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கடலே மறுபாதி ஆகிவிடுகிறது. 14.300 மெகாஹெர்ட்ஸில் வெறும் 100 வாட்டை வைத்துக்கொண்டு கடலோடிகள் கண்டம் தாண்டிப் பேசுவதில் இந்த உப்புநீருக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே எதிர்நிறை என்று சொன்னால், படகு கவிழாமல் இருக்க அடியில் வைத்திருக்கும் ஈயப் பாளத்தைத்தான் மாலுமி நினைப்பார். நிலக்கம்பி அதைவிடச் சிக்கல். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் வீட்டு எர்த் நினைவுக்கு வரும். எர்த் உயிர்காக்கும் ஏற்பாடு. இது ரேடியோ அலைக்கானது. படகில் இந்தச் செப்புத் தகட்டை நடுவில் வெட்டி, மின்தேக்கிகளை வைத்து இணைக்கிறவர்கள்கூட உண்டு. ரேடியோ அலை கடந்துவிடும், நேர்மின்னோட்டம் நிற்கும், உலோகம் அரிக்காது. அதையே பாதுகாப்பு எர்த் என்று ஒருவர் நம்பினால் ஆபத்து. சொல்லால் அப்படி ஒரு குழப்பம் வரவே கூடாது.

அதனால்தான் ‘ஈடுகடத்தி’. ஆன்டெனாவுக்கு ஈடு கொடுக்கும் கடத்தி. ‘ஈடுதளம்’ என்றும் யோசித்தேன், ஆனால் நான்கு கம்பிகளைத் தளம் என்று சொல்ல முடியாது. கடலைக் கம்பி என்றும் சொல்ல முடியாது. கடத்தி என்றால் எல்லாம் அடங்கும். வீடாக்கிக்கொண்டு வசிக்கும் வேனுக்கும் பொருந்துகிறது: இரும்பு உடல் என்றால் வண்டியே ஈடுகடத்தி. கண்ணாடியிழை உடல் என்றால் கூரையில் செப்பு வலையோ கம்பியோ சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆன்டெனா கேபிளின் உலோக வெளியுறையே அந்த வேலையைச் செய்யத் தொடங்கும், ரேடியோ அலை அதன் வழியே மைக்வரை வந்துவிடும். மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று இருக்கும். அப்போது ‘ஈடு போதவில்லை’ என்று இயல்பாகப் பேச வருகிறது பாருங்கள். எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதே அதனால்தான்.

அப்புறம், ரேடியலுக்கு (ஆன்டெனாவின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரம்போல விரியும் கம்பிக்கு) நீங்கள் சொன்ன ‘ஆரக்கம்பி’ அருமை. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 14.300-க்கு ஓர் ஆரக்கம்பி சுமார் 5 மீட்டர் வரும். செப்புத் தகட்டைக் கடல்நீரோடு இணைக்க வழியில்லாத படகில் ஆரக்கம்பிகளை உள்ளேயே விரித்து ஈடுகடத்தி ஆக்கலாம். இந்த வாக்கியம் உங்கள் காதுக்கு உறுத்துகிறதா, சொல்லுங்கள்.