பல்சக்கரம் வைத்து விகிதம் நடத்தியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஆறாம் வகுப்பு மிஸ்
லெகோ சக்கரங்கள்தான். 24 பல், 8 பல். பெரியது ஒரு சுற்று போனால் சின்னது மூன்று சுற்றும், அதை எல்லோரும் எண்ணியாயிற்று. "சரி, பெரியதை இரண்டு சுற்று சுற்றினால்?" என்றேன். வாய்பாடு தடுமாறாமல் சொல்லுகிற ஒரு பெண், "நாலு மிஸ்" என்றாள். இங்கே ஒன்று கூடியதால் அங்கேயும் ஒன்று கூட்டிவிட்டாள். அவளையே சுற்றச் சொன்னேன். ஆறு வந்தது. நிமிர்ந்து பார்த்து, "சக்கரம் வழுக்குது மிஸ்" என்றாள். பல்லோடு பல் கோத்திருக்கிறது, எங்கே வழுக்கும்? மறுபடி சுற்றினாள், மறுபடி ஆறு. அப்போதும் சந்தேகம் சக்கரத்தின் மேல்தான். பெருக்கல் தெரிந்த குழந்தைக்கு இது பெருக்கல் என்று தோன்றவே இல்லை.

அரசுப் பள்ளி கணக்கு
என் வகுப்பில் நடுச்சக்கரத்துக்குத்தான் சண்டை. 8க்கும் 24க்கும் நடுவே 40 பல் சக்கரத்தைச் செருகினேன். இவ்வளவு பெரிசு வந்தால் கடைசி சக்கரம் இன்னும் மெதுவாகும் என்றார்கள். ஆகவில்லை. அதே மூன்றுக்கு ஒன்று, திசை மட்டும் மாறியது. ஒரு பையன் பல்லில் சாக்பீஸ் புள்ளி வைத்து எண்ணிவிட்டு, "இந்தப் பக்கம் எட்டுப் பல் உள்ள போனா அந்தப் பக்கமும் எட்டுதான் சார் வெளிய வருது" என்றான்.

சைக்கிள் பிரியன்
மிஸ், 24க்கு 8 எடுத்ததுதான் சிக்கல். சைக்கிளுக்கு வாருங்கள். எங்கள் பள்ளி சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. தலைகீழாக நிறுத்தி, டயரின் வால்வை அடையாளமாக வைத்து, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்ற விடுங்கள். வேகமாகச் சுற்றினால் பெடல் நின்ற பிறகும் சக்கரம் தானாக ஓடும், எண்ணிக்கை கெட்டுப்போகும். பெடல் 9 சுற்று, சக்கரம் 22. இரண்டு பக்கமும் 396 பல். அப்புறம் அட்டவணை போடச் சொல்லுங்கள். கூட்டிப் பார்த்து யாரும் தப்பிக்க முடியாது.

ஐ.டி.ஐ. டர்னர்
சைக்கிள் சார், அந்த 'நாலு' வெளியே வந்ததே 3 என்ற எளிய எண்ணால்தான். 22க்கு 9 என்றால் அவள் வாயையே திறந்திருக்க மாட்டாள். எங்களிடம் லேத் கியர் பெட்டியில் 127 பல் சக்கரம் ஒன்று உண்டு. மற்றதெல்லாம் 20, 25, 30 என்று போக, இது மட்டும் ஏன் இப்படி என்று ஒரு பயிற்சி மாணவன் கேட்டான். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்து அங்குலம் 127 என்றேன். மில்லிமீட்டர் லேத்தில் அங்குல மரையைத் துல்லியமாக வெட்ட அதுதான் வழி. பையன் பதில் பேசாமல் அந்தச் சக்கரத்தை எடுத்து, பல்லை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தான்.