பொறியாளர் சங்கத்தின் கல்வி நிதி: சங்கக் கணக்கிலேயே இருக்கட்டுமா, தனி டிரஸ்ட் தேவையா?

பவானிக்கரை:
வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு கட்டடப் பொறியாளர் சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ்ப் பதிவானது, 180 உறுப்பினர்கள். கட்டுமானப் பொருள் கண்காட்சியில் மிஞ்சியதும் உறுப்பினர்கள் கொடுத்ததுமாக 15 லட்சம் ரூபாய், ‘கல்வி நிதி’ என்ற பெயரில் சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. ஆண்டுதோறும் புதிதாக 4 அரசுப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, பொறியியல் முடிக்கும் வரை ஆளுக்கு ஆண்டுக்கு 25,000 கொடுக்க வேண்டும், பள்ளிகளில் 8, 9ஆம் வகுப்புக்குச் செய்முறைப் பயிற்சியும் நடத்த வேண்டும் என்பது செயற்குழுவின் எண்ணம்.

கேட்க வேண்டியவை: தனி டிரஸ்ட் அவசியமா? நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு கிடைக்குமா? உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா? துபாயில் வேலை செய்யும் ஓர் உறுப்பினரும், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட ஒருவரும் பணம் அனுப்பத் தயார். வாங்கலாமா? பள்ளிப் பயிற்சிக்கு எதை வைத்துத் தொடங்குவது?

வரவு_செலவு:
தனி டிரஸ்ட் போடுங்கள். உங்கள் சங்கம் உறுப்பினர் நலனுக்கானது. அதன் நோக்கப் பட்டியலில் கல்வி என்று ஒரு வரி இருந்தாலும் வருமான வரித் துறை அதை அறநிறுவனமாகப் பார்ப்பது கடினம். கண்காட்சிக் கடை வாடகை ஒன்றே போதும், விண்ணப்பம் கேள்விக்கு மேல் கேள்வியாக இழுபடும். கண்காட்சியைச் சங்கம் நடத்தட்டும், மிச்சத்தை டிரஸ்டுக்கு நன்கொடையாகத் தரட்டும். டிரஸ்ட் கடை வாடகைக்குக் கைநீட்டவே வேண்டாம்.

பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை: திரும்பப் பெற முடியாத டிரஸ்ட் என்ற வாசகம், கலைக்கும்போது சொத்து இதே நோக்கமுள்ள, வரிவிலக்குப் பதிவு பெற்ற வேறு அறநிறுவனத்துக்கே போகும் என்ற பிரிவு, பணம் இந்தியாவுக்குள் மட்டுமே செலவாகும் என்ற வரி. கலைப்புப் பிரிவு இல்லாத பத்திரத்தோடு விண்ணப்பித்தால் திருத்தப் பத்திரம் போட்டு வரச் சொல்வார்கள். அறங்காவலர்களை ஒற்றைப்படையில் வையுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிவழி, கூடவே சங்கத்துக்கு வெளியிலிருந்து இருவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாலிடெக்னிக் விரிவுரையாளர் மாதிரி. பதவிவழி ஆட்களை மட்டும் வைத்தால் சங்கத் தேர்தல் சண்டை டிரஸ்டின் காசோலை வரைக்கும் வந்துவிடும்.

பிறகு பான், வங்கிக் கணக்கு, அதன்பின் 12ஏபி (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்குப் பதிவு), 80ஜி இரண்டுக்கும் படிவம் 10ஏ. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்ததால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுகின்றன. பேச்சில் இன்னும் பழைய எண்களே ஓடுவதால் நானும் அவற்றையே சொல்கிறேன். முதலில் கிடைப்பது 3 ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு. பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். நிரந்தரப் பதிவுக்குப் படிவம் 10ஏபி-யை, தற்காலிகப் பதிவு முடிய 6 மாதம் முன்பாக, அல்லது பணி தொடங்கிய 6 மாதத்துக்குள், எது முந்தையதோ அப்போது போட வேண்டும். முதல் உதவித்தொகையைக் கொடுத்த அன்றே பணி தொடங்கிவிட்டது. ‘இன்னும் 3 வருஷம் இருக்கே’ என்று விட்டால், 2023 நிதிச் சட்டத் திருத்தப்படி டிரஸ்டின் நிகரச் சொத்து மீதே உச்ச விகிதத்தில் வரி விழ வாய்ப்புண்டு. 15 லட்சத்தில் கணிசமான பங்கு போய்விடும்.

15 லட்சத்தை மாற்றும்போது சங்கப் பொதுக்குழுத் தீர்மானமும், ‘இத்தொகை மூலதன நிதிக்கு’ என்று எழுத்தில் ஒரு கடிதமும் வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் அது அந்த ஆண்டின் சாதாரண வருமானம், 85 விழுக்காட்டைச் செலவழித்தாக வேண்டும். மூலதனத்தை வங்கி வைப்பு, அஞ்சலகம், கூட்டுறவு வங்கி போன்ற சட்டம் அனுமதித்த இடங்களில்தான் போட வேண்டும். சீட்டு, உறுப்பினருக்குக் கைமாற்று, தனியார் நிதி நிறுவன வைப்பு எல்லாம் கூடாது.

உறுப்பினர் பிள்ளைகள்: அவர்களுக்கு மட்டும் என்றால் அது பொது அறம் ஆகாது. எல்லோருக்கும் திறந்த போட்டியில் ஒரு சாதாரண உறுப்பினரின் பிள்ளை தகுதி பெற்றால் தடையில்லை. ஆனால் அறங்காவலர்களின் உறவினருக்குக் கொடுத்தால் வரிவிலக்கில் கை வைப்பார்கள். பெருந்தொகை கொடுத்தவரும் ஆதாயம் பெறக் கூடாது. பெருந்தொகை என்பது 2025 திருத்தப்படி ஓர் ஆண்டில் 1 லட்சத்துக்கு மேல், அல்லது மொத்தம் 10 லட்சத்துக்கு மேல்.

துபாய் உறுப்பினரிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் அவர் வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு அல்ல. பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வையுங்கள். அமெரிக்கக் குடிமகனிடம், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு 3 ஆண்டு இருப்பும், அந்த 3 ஆண்டில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். இப்போதைக்கு அவரை மறந்துவிடுங்கள்.

80ஜி ரசீது பற்றி உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை மூன்று. ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. கழிவு கொடுத்ததில் 50 விழுக்காடுதான், அதற்கும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறையில் கணக்குக் காட்டுபவருக்கு எதுவுமே இல்லை. மூன்றாவதைச் சொல்லாமல் வசூலித்தால் ஜூலை மாதம் பொருளாளரின் போன் ஓயாது. நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் படிவம் 10பிடி-யில் ஏற்ற வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய்.

கவுன்சலிங்_மேசை:
சட்டத்தை வரவு_செலவு சொல்லிவிட்டார். பணக்கணக்கைப் பார்ப்போம், உங்கள் திட்டம் அங்கேதான் உடைகிறது.

15 லட்சத்துக்கு 7 விழுக்காடு வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 1,05,000. தணிக்கை, தாக்கல் செலவு 25,000 போக 80,000. ஆண்டுக்கு 4 பேரைப் புதிதாகச் சேர்த்தால் நான்காம் ஆண்டில் 16 பேர், 4 லட்சம் வேண்டும். அதற்கு மூலதனம் 60 லட்சம் தாண்ட வேண்டும். கையில் உள்ள வட்டிக்கு ஆளுக்கு 20,000 வீதம் ஒரே நேரத்தில் 4 பேர்தான், அதாவது ஆண்டுக்கு ஒரே ஒரு புது மாணவர். முதல் இரண்டு ஆண்டு விழாவெடுத்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பழைய பிள்ளைகளுக்குப் பணமில்லை என்று நிற்பதுதான் இந்த மாதிரி நிதிகளின் வழக்கமான முடிவு.

அடுத்தது, யாருக்கு எது ஏற்கெனவே கிடைக்கிறது என்று பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. தகுதியுள்ள பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000. கட்டணத்துக்கு என்று நீங்கள் 25,000 கொடுத்தால் அரசு கட்டியதற்கு மேல் கட்டுவதாகும்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காமல் பொதுப்பிரிவில் சேர்ந்தவர்கள், அந்த ஒதுக்கீடே இல்லாத பாலிடெக்னிக் மாணவர்கள், டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்பவர்கள். டிப்ளமோவும் நேரடி இரண்டாம் ஆண்டும் 3 ஆண்டுப் பொறுப்பு என்பதால் நிதிக்கும் சுமை குறைவு. கட்டடத் துறைச் சங்கம் சிவில் டிப்ளமோவை விட்டுவிட்டு பி.இ. கணினி மாணவருக்கு மேடையில் காசோலை கொடுப்பது எனக்குப் புரிவதே இல்லை.

இன்னொரு வழி, தொடர் உதவித்தொகையை விட்டுவிட்டு முதலாண்டுத் தொடக்க உதவி மட்டும் தருவது. மினி டிராஃப்டர் (வரைபடம் போடும் கருவி), கால்குலேட்டர், பட்டறை உடுப்பு, காலணி, பஸ் செலவு. ஆளுக்கு 10,000 வைத்தால் 80,000-ல் 8 பேர், அடுத்த ஆண்டுக்குக் கடமை எதுவும் மிஞ்சாது. பொருளாகவோ கல்லூரிக் கணக்குக்கோ கொடுங்கள், ரொக்கம் வேண்டாம்.

தேதியையும் மாற்றுங்கள். சங்கங்கள் எல்லாம் செப்டம்பர் 15 பொறியாளர் தினத்தில்தான் கொடுக்கின்றன. பிள்ளைக்குப் பணம் தேவைப்படுவது கலந்தாய்வு முடிந்து சேரும் ஜூலை, ஆகஸ்டில். அதற்குள் வீட்டில் வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். ஜூனில் விண்ணப்பம், சேர்க்கை ஆணை வந்த வாரத்தில் பணம், விழா எப்போது வேண்டுமானாலும்.

தொடர் உதவி என்றே முடிவெடுத்தால் ‘ஒரு அரியர் வந்தாலும் நிறுத்தப்படும்’ என்று விதி போடாதீர்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் பருவக் கணிதத்தில் தடுக்குவது சாதாரணம். இரண்டு பருவம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மணல்வாளி:
பள்ளிப் பயிற்சிக்கு ஐஸ் குச்சிப் பாலம். சிவில் ஆட்கள் விளக்கிச் சொல்லக்கூடியது, மின்சாரம் வேண்டாம், உடைவதுதான் பாடம்.

40 பேர் வகுப்பு, 5 பேர் வீதம் 8 குழு. குழுவுக்கு 80 குச்சி (114 × 10 × 2 மி.மீ.), 50 கிராம் வெள்ளைப் பசை, துணி கிளிப் 12. மொத்தம் 640 குச்சி, ஆனால் 800 வாங்குங்கள், பொதியில் வளைந்ததும் முடிச்சு விழுந்ததும் நிறைய வரும். தாங்கிகளுக்கு இடையில் 40 செ.மீ. இடைவெளி. முதல் நாள் இரண்டு பாட வேளை: தாளில் முழு அளவில் வாரன் டிரஸ் (முக்கோணங்கள் வரிசையாக வரும் பாலச் சட்டகம்) வரைந்து, அதன் மேலேயே இரண்டு பக்கச் சட்டங்களை ஒட்டுவது. இணைப்பில் குறைந்தது 2 செ.மீ. மேற்பொருத்து, கிளிப் போட்டு விடுவது. மறுநாள் சேர்ப்பது, அதற்கு மறுநாள் சுமை. ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் பசை காயாமல் இணைப்பு வழுக்கும், பிள்ளைகள் வடிவம்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நடுவில் வாளி கட்டி 500 கிராம் மணல் பொட்டலமாகப் போடுங்கள். வாளி தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் மட்டும் தொங்கட்டும், யாரும் காலை நீட்டக் கூடாது. பெரும்பாலான பாலங்கள் குச்சி முறிந்து விழுவதில்லை. இரண்டு மேல் சட்டங்களும் பக்கவாட்டில் சாய்ந்து விழும், ஏனென்றால் மேலே குறுக்குக் கட்டு போட்டிருக்க மாட்டார்கள். அங்கே நிறுத்தி, அமுக்கத்தில் இருக்கும் உறுப்பு ஏன் வெளியே வளைகிறது என்று ஒரு ஸ்கேலை இரு கையால் அழுத்திக் காட்டுங்கள். பிறகு 6 குச்சி கூடுதலாகக் கொடுத்து மேலே கட்டச் சொல்லி மறுபடி சோதித்தால் வித்தியாசத்தை அவர்களே சொல்வார்கள்.

சூடான பசைத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம், 8ஆம் வகுப்பில் விரல் சுடும்.

அனுமதிக்குத் தலைமையாசிரியரிடம் மட்டும் பேசிவிட்டுப் போகாதீர்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கடிதம், வருபவர்கள் பெயர்ப் பட்டியல், பாடத் திட்டம் ஒரு பக்கம். வகுப்பாசிரியர் அறையிலேயே இருக்க வேண்டும். பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை வாட்ஸாப்பில் போடக் கூடாது. ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதம், தேர்வு நேரத்தில் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

ஒத்தையடி:
மாற்றுக் கருத்து. 15 லட்சத்துக்கு ஒரு டிரஸ்ட், ஆண்டு வட்டியில் கால்வாசி தணிக்கைக்கு. ஏற்கெனவே 80ஜி உள்ள உள்ளூர் அறநிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, தேர்வுக் குழுவில் சங்கத்துக்கு இரண்டு இடம் கேட்டால் வேலை முடிந்தது. இல்லை, பள்ளிக்குத்தான் செய்ய வேண்டும் என்றால் அரசின் நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியாகவே கொடுக்கலாம்.

வரவு_செலவு:
@ஒத்தையடி, 15 லட்சத்தோடு நின்றுவிடும் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆண்டுதோறும் கண்காட்சிப் பணம் வரும், நிறுவனங்களிடம் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) கேட்கப் போகிறோம் என்றால் டிரஸ்ட் வேண்டும். ஆனால் சிஎஸ்ஆர் உடனே வராது, வெளி டிரஸ்டுக்கு 3 ஆண்டுப் பணி வரலாறு கேட்பார்கள்.

பவானிக்கரை:
நன்றி சார். கண்காட்சி ஒவ்வோர் ஆண்டும் உண்டு, அதனால் டிரஸ்ட் பக்கமே சாய்கிறோம். டிப்ளமோ யோசனையைச் செயற்குழுவில் வைக்கிறேன். கடைசியாக ஒன்று: கண்காட்சி வாசலில் டிரஸ்டுக்கு உண்டியல் வைக்கலாமா? சிமெண்ட் நிறுவனம் ஒன்று பணம் தந்து பெயர்ப்பலகை கேட்கிறது.

வரவு_செலவு:
உண்டியலில் விழுவது பெயர் முகவரி இல்லாத நன்கொடை. மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது 1 லட்சம், எது அதிகமோ அதுவரை சிக்கலில்லை, அதற்கு மேல் 30 விழுக்காடு வரி. உண்டியலுக்குப் பதில் ரசீதுப் புத்தகத்தோடு ஓர் ஆளை உட்கார வையுங்கள். பலகையில் ‘இந்த உதவியை வழங்கியவர்’ என்று பெயர் மட்டும் இருந்தால் நன்கொடை, 2019-ல் வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கையே அப்படிச் சொல்கிறது. அவர்களுடைய சிமெண்ட் மூட்டைப் படமும் விளம்பர வாசகமும் ஏறினால் அது விளம்பரச் சேவை, ஜிஎஸ்டி கேள்வி வரும். விளம்பரம்தான் வேண்டும் என்று நின்றால் சங்கத்தின் பேரில் பில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.