கட்டட ஆற்றல் சிமுலேஷன்: ‘பாவனை’க்கு ஒரு மறுப்பு, ‘ஒப்பியக்கம்’ என ஒரு முன்மொழிவு

அன்புள்ள மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு வணக்கம்.

நகர்ப்புற ஆற்றல் சிக்கனம் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது சிமுலேஷன், அதாவது ஒன்றின் மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பார்த்தல், என்பதைப் ‘பாவனை’ எனலாம் என்று நேற்று இங்கு வந்த பரிந்துரையை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. போலச் செய்தல் என்று பொருள் கொள்ளும் தமிழ்நாட்டு வாசகருக்கு அச்சொல் ஓரளவு பொருந்தும். இலங்கையிலோ பாவனை என்றால் பயன்பாடு. பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். ‘கட்டட ஆற்றல் பாவனை’ என்ற தொடரை யாழ்ப்பாணத்தில் ஒருவர் படித்தால், அக்கட்டடம் உண்மையில் செலவிடும் மின்சாரம் என்றே கொள்வார். கணினி கணித்த அளவும் மின்மானி காட்டும் அளவும் வேறு வேறு என்பதை ஓயாமல் நினைவூட்ட வேண்டிய துறையில் இது சிறிய குழப்பம் அன்று.

சிமுலேஷனுக்கு எண்ணக்கூடிய வேறு சொற்களில் ‘உருவகப்படுத்தல்’ அணியிலக்கணத்தை நினைவூட்டுகிறது. ‘ஒப்புருவாக்கம்’ அதைவிட மேல். ஆயினும் இரண்டுமே உருவைச் செய்வதைச் சொல்கின்றனவே தவிர, செய்த உருவை ஓட்டிப் பார்ப்பதைச் சொல்லவில்லை. எனர்ஜிபிளஸ் போன்ற மென்பொருளில் சுவர், கூரை, சன்னல், குளிரூட்டி, புழங்குவோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொடுத்து நாம் அமைப்பது மாதிரி. ஓராண்டின் 8,760 மணிநேரத்துக்குமான வெப்பநிலை, ஈரப்பதம், சூரியக் கதிர்வீச்சு, காற்று ஆகியவற்றின் தரவை அம்மாதிரிக்கு ஊட்டி, எந்த நேரத்தில் எவ்வளவு வெப்பம் உள்ளே நுழைகிறது, அதை வெளியேற்ற எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணக்கிடுவதுதான் சிமுலேஷன். ஒரே மாதிரியைச் சென்னையின் வானிலைக் கோப்போடும் பெங்களூருவின் கோப்போடும் ஓட்டினால் விடைகள் வேறுபடும். மாதிரி ஒன்று, ஓட்டம் இரண்டு என்னும்போது இரண்டுக்கும் ஒரே சொல் போதாது.

எனவே ‘ஒப்பியக்கம்’ என்பதை முன்வைக்கிறேன். முதலில் ‘நிகரியக்கம்’ என்றே எண்ணினேன்; ‘நிகரச் சுழிய ஆற்றல் கட்டடம்’ (நெட் ஸீரோ எனர்ஜி பில்டிங்: ஓராண்டில் செலவிடும் அளவுக்கு ஆற்றலைத் தானே ஆக்கிக்கொள்ளும் கட்டடம்) என்ற தொடரும் அதே கட்டுரையில் வருவதால் கைவிட்டேன். ஒரு கலைச்சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் தாங்குதிறன் தெரியும். இந்தியாவில் 2007-இல் வெளிவந்து 2017-இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பின் ஒரு வழிமுறையை இப்படி எழுதலாம்: ‘முன்மொழியப்பட்ட வடிவமைப்பையும், விதிகளை அப்படியே பின்பற்றும் அடிப்படை வடிவமைப்பையும் தனித்தனியே ஒப்பியக்கி, முன்னதன் ஆண்டு ஆற்றல் செலவு பின்னதை விஞ்சவில்லை என்று காட்ட வேண்டும்.’ வினையெச்சமாக இடறாமல் நிற்கிறது. சிமுலேட்டருக்கும் ‘ஒப்பியக்கி’ என்றே வரும் என்பது உண்மை. இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம்.

அடுத்தது இண்டிகேட்டர். ‘சுட்டி’ கணினி மௌஸுக்குப் போய்விட்டது. இலங்கை வழக்கான ‘குறிகாட்டி’யை அப்படியே எடுத்துக்கொள்வோம், ஆண்டொன்றுக்கு ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிலோவாட்-மணி என்ற அளவு அத்தகைய ஒரு குறிகாட்டியே. சஸ்டெய்னபிலிட்டிக்கு ‘நிலைத்தன்மை’ என்று எழுதினால் பொறியாளர்கள் கட்டமைப்பின் உறுதி என்று எடுத்துக்கொள்வார்கள். ‘பேண்தகைமை’ எனக்கு உவப்பானது, வற்புறுத்தவில்லை.

வற்புறுத்த வேண்டியது எனர்ஜி எஃபிஷியன்சிக்கு வழங்கும் ‘ஆற்றல் திறன்’ பற்றியே. நம் பள்ளி இயற்பியலில் வாட் அலகால் அளக்கப்படுவதற்குத் திறன் என்று பெயர். ஆற்றலும் திறனும் அடுத்தடுத்து நின்றால் மாணவருக்கு இரண்டு இயற்பியல் அளவுகளாகவே தோன்றும். குறைந்த செலவில் அதே பயன் என்ற கருத்து எட்டாது. ‘ஆற்றல் வினைத்திறன்’ என்பது ஓரெழுத்துகூட மயக்கம் தராது.

பாஸ்டன் நகரில் 80,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்கு ஒன்றாகச் செய்த கணக்கீட்டைக் கட்டுரை எடுத்துக்காட்டும் இடத்தில் ‘நகரளாவிய ஒப்பியக்கம்’ என்று போட்டிருக்கிறேன். ஒப்பியல் என்ற சொல்லோடு காதில் இது மயங்குகிறதா என்பதை மட்டும், வாய்விட்டுப் படித்துப் பார்த்து, தெரிவிக்க வேண்டுகிறேன்.