தொடக்கநிலை டிஸ்க் கோல்ஃப் மைதானம்: இன்னும் மனதை அரிக்கும் சம்பவம் ஏதாவது உண்டா?

ஓரக்காற்று:
டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு: பிளாஸ்டிக் வட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் முடிந்தவரை குறைந்த எறிதல்களில் விழவைக்கும் ஆட்டம். ஒன்பது ஹோல், எல்லாமே பார் 3 (மூன்று எறிதலில் முடிக்க வேண்டியவை), மரம் குறைவு. புதியவர்களுக்கென்றே போட்ட மைதானம். என் மகளுக்கு அதுதான் முதல் ஆட்டம். நாலாவது ஹோலில் கூடைக்கு ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று பட்டரை (கூடைக்குப் பக்கத்தில் எறியும் டிஸ்க்) எறிந்தாள். எறிந்த வேகத்தில் ஓரடி முன்னால் தாவியும் விட்டாள். டிஸ்க் நேராகச் சங்கிலியில் பட்டு, சலசலவென்று சரிந்து தட்டில் விழுந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து டீயில் (ஹோலின் முதல் எறிதலை எறியும் இடம்) நின்றிருந்த ஒருவர், "அது செல்லாதும்மா, காலை முன்னாடி வச்சிட்ட" என்றார். சங்கிலி ஆடி அடங்கவில்லை, அதற்குள் அவள் கை இறங்கிவிட்டது.

அவர் சொன்னது விதிதான், எனக்கும் தெரியும். ஆனால் அவரை யார் கேட்டது? அன்று மிச்ச ஆட்டம் முழுக்க ஒவ்வொரு எறிதலுக்கும் முன்னால் "அப்பா, இங்கே நிற்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கேள்விதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

பத்துமீட்டர்:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அந்த மனிதர் பக்கம் ஒரு வார்த்தை. எனக்கு இதை யாருமே சொல்லித் தரவில்லை. நண்பர்களோடு மாதக்கணக்கில் இஷ்டத்துக்கு ஆடிவிட்டு முதல் போட்டிக்குப் போனேன். நல்ல பட் (கூடைக்குள் போடும் குறுகிய எறிதல்), உள்ளே விழுந்தது. குழுவில் இருந்த ஒருவர் அமைதியாக "ஃபாலிங் பட்" என்றார், இன்னொருவர் தலையாட்டினார். முடிந்தது. ஒரு அபராத எறிதல். அந்த நிமிடம் எல்லோரும் என் காலையே பார்த்தார்கள்.

கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் இருந்தால், எறிந்த பிறகு மார்க்கருக்கு (டிஸ்க் கிடந்த இடத்தின் அடையாளம்) பின்னால் நிலையாக நின்று காட்டிவிட்டுத்தான் முன்னால் போகலாம். அதைத் தாண்டி இருந்தால் எறிந்த வேகத்தில் முன்னால் கால் வைக்கலாம், தப்பில்லை. இந்தக் கோடு இல்லாவிட்டால் எல்லோரும் ஓடிப்போய்ச் சங்கிலிக்குள் டிஸ்க்கைத் திணித்துவிட்டு வருவார்கள், பட் என்ற கலையே இருக்காது. சின்ன வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லதுதானே?

மேட்டுக்கூடை:
@பத்துமீட்டர், போட்டியில் சொல்வது வேறு, முதல் நாள் ஆடுகிற குழந்தையிடம் சொல்வது வேறு. அவள் எந்த ஸ்கோர் கார்டிலும் கையெழுத்துப் போடவில்லையே.

என் கதை. பூங்காவுக்குள் இருக்கும் மைதானம், நடைபாதை குறுக்கே போகும். ஆறாவது கூடைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச், அதில் வயதான தம்பதி. அது விளையாட்டு மைதானம் என்றே அவர்களுக்குத் தெரியாது. எங்களோடு வந்த பையன், "கொஞ்சம் எழுந்து போகச் சொல்லுங்க, நேரமாகுது" என்று முணுமுணுத்தான். நான் போய்ப் பேசினேன். அந்த அம்மா என் டிரைவரை (தூரமாக எறியும் டிஸ்க்) வாங்கி, விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். "இவ்வளவு கூரா இருக்கே, நெற்றியில பட்டா என்னாகும்?" என்றார். குறை சொல்கிற குரலே இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நடைபாதையில் ஒரு தலை தெரிந்தாலும் எறிவதில்லை. பூங்காவில் நடப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை. விதி சொல்லித்தர ஆசைப்படுகிறவர்கள் முதலில் இதைச் சொல்லித்தரட்டும்.

பச்சைமிட்:
எனக்கு ஒரே ஒரு காட்சி. இரண்டாவது ஹோலில் ஒரு இளைஞர் புத்தம்புது டிரைவர்களாகப் பை நிறைய வைத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றும் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே இடப்பக்கம் விழுந்து புதருக்குள் போனது. கடைசி டிஸ்க்கைத் தேடாமலே பையை மூடிவிட்டுப் போய்விட்டார். கூப்பிட்டுப் பேசியிருக்கலாம் என்று இன்றுவரை தோன்றுகிறது.

அதனால் இங்கே படிக்கிற புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பல டிஸ்க்குகளின் மேல் நாலு எண் இருக்கும்: வேகம், மிதப்பு, திருப்பம், கடைசியில் சாய்வு. வேகம் 12, 13 என்று இருந்தால் நிறைய தூரம் போகும் என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்த எண் உங்கள் கை கொடுக்க வேண்டிய வேகத்தைச் சொல்கிறது. அந்த வேகம் கொடுக்க முடியாவிட்டால், வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுவந்து) எறியும் டிஸ்க் சீக்கிரமே இடப்பக்கம் சரியும். அந்த இளைஞருக்கு நடந்தது அதுதான். வேகம் 2, 3 உள்ள ஒரு பட்டரும், 4, 5 உள்ள ஒரு மிட்ரேஞ்சும் (இடைத்தூர டிஸ்க்) போதும். எடை 150 கிராம் பக்கம் இருந்தால் இன்னும் சுலபமாக மிதக்கும்.

அப்புறம் மூக்கு. டிஸ்க்கின் முன்விளிம்பு மேலே தூக்கிக்கொண்டு போனால் எவ்வளவு பலமாக எறிந்தாலும் மேலே ஏறி நின்று அப்படியே கீழே விழும். மணிக்கட்டைக் கொஞ்சம் கீழ்நோக்கி வைத்துப் பாருங்கள். எதிர்க்காற்றில் டிஸ்க் வழக்கத்தைவிட அதிகமாகப் புரளும். அப்போது பலத்தைக் குறையுங்கள், கூட்டாதீர்கள். ஓட்டம் வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே எறியுங்கள். தொடக்கநிலை மைதானத்தில் பாதி ஹோல்களுக்கு அதுவே தாராளம். டிஸ்க்கின் அடியில் போன் நம்பர் எழுதுங்கள். பளிச்சென்ற நிறம் வாங்குங்கள், பச்சை வேண்டவே வேண்டாம்.

ஓரக்காற்று:
@பச்சைமிட், நன்றி, ஆனால் மகளிடம் இருப்பது ஒரே ஒரு பட்டர்தான் ஐயா. அதில் குறையே இல்லை, நன்றாகத்தான் எறிகிறாள்.

@பத்துமீட்டர், நல்லதுதான், மறுக்கவில்லை. அவர் அடுத்த ஹோல்வரை பொறுத்திருந்து என்னிடம் சொல்லியிருக்கலாம்.

கடைசிடீ:
விதி, விதி என்று பேசுவதால் சொல்கிறேன். எட் ஹெட்ரிக் 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தைப் போட்டபோது சங்கிலிக் கூடையே கிடையாது, நட்டுவைத்த கம்பங்கள்தான். கம்பத்தில் பட்டால் முடிந்தது. கூடை பிறகு அவரே செய்தது. 2002-ல் அவர் இறந்தபோது, அவர் ஆசைப்படியே அஸ்தியைக் கலந்து டிஸ்க் வார்த்தார்கள். இந்த ஆட்டத்தை அவ்வளவு நேசித்த மனிதர், உங்கள் மகள் கையைத் தூக்கியதைப் பார்த்திருந்தால் கூடவே தூக்கியிருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன்.

இனி என்னுடையது. விடிகாலை, தனியாக ஆடினேன். ஏழாவது ஹோல், டீயிலிருந்து கூடை தெரியாது, மேடு மறைக்கும். மிட்ரேஞ்சை எறிந்தேன், மேட்டுக்கு அப்பால் மறைந்தது. ஒரு நொடி கழித்துச் சங்கிலிச் சத்தம். ஓடினேன். தட்டில் என் ஆரஞ்சு டிஸ்க். பக்கத்தில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவரிடம், "பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "எதைங்க?" என்றார். நாய் மட்டும் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் வாழ்க்கையின் ஒரே ஏஸ் (முதல் எறிதலிலேயே கூடை) அது. கார்டில் 1 என்று எழுதினேன். சாட்சி இல்லாத ஏஸ் ஏஸே இல்லை என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். @பத்துமீட்டர், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பத்துமீட்டர்:
தட்டில்தானே கிடந்தது? கூடையின் மேல்மூடியில் தங்கியிருந்தால்தான் செல்லாது. போட்டியும் இல்லை, யாரிடமும் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. 1-தான், அழிக்காதீர்கள்.