தோள் தசைநாண் பெரிய கிழிசல்: நுண்துளை ஆபரேஷன் பல வருஷம் தாங்குமா?

கேள்வி: 5 செ.மீ.க்கு மேல் கிழிசல், தோளில் இரண்டு தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்திருக்கு. தைத்தால் மறுபடி கிழியுமா?

பதில் 1: பெரிய கிழிசலில் அது அபூர்வமே இல்லை சார். பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள் நடக்கும். நூல் அறுவதைவிட, நூல் தசைநாணை அறுத்துக்கொண்டு வெளியே வருவதுதான் அதிகம். அப்படிக் கிழிந்தும் பலருக்கு வலி குறைஞ்சே இருக்கும். கையைத் தூக்கும் பலம்தான் முழுசாகத் திரும்பாது.

பதில் 2: எம்.ஆர்.ஐ.யில் தோள் தசைக்குள் கொழுப்பு எவ்வளவு என்று அவசியம் கேளுங்க. கூட்டாலியே அளவில் (தசையில் சேர்ந்த கொழுப்பைத் தரம் பிரிக்கும் முறை) 3 என்றால் தசையில் பாதி கொழுப்பு, 4 என்றால் அதற்கும் மேல். தைத்தாலும் அந்தக் கொழுப்பு தசையாக மாறாது.

பதில் 3: பெரிய கிழிசலுக்கு வழக்கமாக 6 வாரம் ஸ்லிங் (கையைத் தாங்கும் பட்டை). அதுவரை அந்தக் கையைச் சொந்த பலத்தில் தூக்கவே கூடாது. விரல், மணிக்கட்டு அசைக்கலாம். எடைப் பயிற்சி 3 மாதம் கழிச்சுதான். தசைநாண் எலும்போடு ஒட்டுவதை சிகரெட் கெடுக்கும், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்க.