பிரேக் பூஸ்டருக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கு முன் தேவை

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கான கைந்நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பிரேக் மிதியில் கால் கொடுக்கும் விசையைக் கூட்டித் தரும் பெட்டியான பூஸ்டரில் வந்து நிற்கிறேன். எனக்கு முன் செய்தவர் ‘வெற்றிட ஊக்கி’ என்று எழுதி வைத்திருக்கிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை. பழுது பார்க்கும் பகுதி இப்படி வருகிறது:

“எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியை நாலைந்து தடவை மிதிக்கவும். மிதி இறுகும். காலை எடுக்காமல் எஞ்சினை இயக்கவும். மிதி சற்றுக் கீழே இறங்கினால் ______ வேலை செய்கிறது. இறங்காவிட்டால் ______ அல்லது அதற்கு வரும் குழாயில் பழுது.”

அந்தக் கோட்டில் என்ன எழுதலாம்?

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், தெஹிவளை:

தங்கச்சி, ‘ஊக்கி’ வேண்டாம். இரசாயனம் படித்த பிள்ளைக்கு ஊக்கி என்றால் தாக்கத்தின் வேகத்தை மாற்றுகிற பொருள்தான். ‘வெற்றிட’மும் வேண்டாம், வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. பெட்டிக்குள் ஒரு இறப்பர் மென்றகடு இரண்டு அறைகளைப் பிரிக்கிறது. எஞ்சின் உறிஞ்சுவதால் இரண்டிலும் அமுக்கம் குறைந்திருக்கும். மிதித்தவுடன் சாரதி பக்கத்து அறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழைகிறது. தகட்டைத் தள்ளுவது அந்தக் காற்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வளியமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. வெற்றிடம் இழுக்கிறது என்று படித்த பிள்ளைக்கு, மலையில் பூஸ்டரின் உதவி ஏன் குறைகிறது என்பது விளங்காது.

என் சொல்: வளியமுக்க விசைபெருக்கி.

மென்றகடு எழுத்துப்பிழை அல்ல. மென் + தகடு, னகரத்தின் முன் தகரம் றகரமாகும் என்கிறது நன்னூல். எங்கள் உயிரியல் நூல்களில் ‘பிரிமென்றகடு’ இப்படித்தான் வந்தது. நெஞ்சறைக்குக் கீழே மூச்சுக்காக அசையும் தசைக்கு வைத்த பெயர் இந்தப் பெட்டிக்கும் பொருந்தும்.

சென்னை உறுப்பினர்:

ஐயா, எங்களுக்கு அது அழுத்தம். அமுக்கம் என்றால் இங்கே வேறு தொனி. ‘பெருக்கி’ என்றதும் ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வரும். ‘வலுத்தடுப்பு’ என்று சுருக்கமாக வைத்தால் என்ன?

ஆசிரியர், தெஹிவளை:

இலங்கையில் வலு என்பது ஒரு செக்கனில் செய்யப்படும் வேலை. நீங்கள் திறன் என்பீர்கள். இந்தப் பெட்டி கூட்டுவது விசையை, வலுவை அல்ல. அத்தோடு யாழ்ப்பாணத்துப் பிள்ளை ‘வலு’ என்றால் ‘மிகவும்’ என்றே எடுப்பான்: வலு கெட்டிக்காரன், வலு தூரம். வலுத்தடுப்பு அவனுக்கு நல்ல இறுக்கமான பிரேக் ஆகிவிடும்.

பயிற்றுநர், மருதானை:

சேர், அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைக்குப் போய் வளியமுக்க விசைபெருக்கி கேட்கப்போகிறவன் என் பிள்ளை. தமிழ்க் கடைக்காரரும் சிங்களக் கடைக்காரரும் பூஸ்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னொன்று. இப்போது கராஜுக்கு நிறைய வருவது அக்வா, பிரியஸ் ஹைப்ரிட் கார்கள். அவற்றில் இந்த வெற்றிடப் பெட்டியே இல்லை. மின்மோட்டார் பம்ப் ஒன்று பிரேக் எண்ணெயை அமுக்கத்தில் சேர்த்து வைக்கிறது. டீசல் ஹயேஸ் வான் இன்னொரு விதம். அந்த எஞ்சின் உறிஞ்சும் குழாயில் போதிய வெற்றிடம் வராது, அதனால் தனிப் பம்ப் வேண்டும். பழைய மாதிரிகளில் அது பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டனேட்டரின் முதுகிலேயே இருக்கும், பெல்ட் அறுந்தால் பற்றரி விளக்கும் எரியும், மிதியும் இறுகும். சொல்லுக்குள்ளேயே வளியையோ வெற்றிடத்தையோ கட்டி வைத்தால், அக்வா வந்து நிற்கும்போது பிள்ளை இல்லாத குழாயைத் தேடுவான்.

போன மாரியில் மாமாவின் பழைய பெற்றோல் காரில் மிதி கல்லாக இறுகியது. ஒரு கராஜில், மிதியின் விசையைப் பிரேக் எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிக் காசு வாங்கினார்கள், இறுக்கம் போகவில்லை. நான் பூஸ்டரிலிருந்து ஒருவழி வால்வைக் கழற்றி, துடைத்து, வாயில் வைத்து ஊதினேன். எஞ்சின் பக்கம் காற்றுப் போக வேண்டும், மறுபக்கம் வரக் கூடாது. அது இரண்டு பக்கமும் அடைத்துக் கிடந்தது. விரல் நுனியளவு பிளாஸ்டிக். மிதிக்கும்போது காலடியில் ஸ்ஸ் என்று விடாமல் இரைந்திருந்தால் தகடு கிழிந்திருக்கலாம் என்று பூஸ்டரையே சந்தேகித்திருப்பேன். இரைச்சல் இல்லை, அதனால்தான் வால்வுக்குப் போனேன். பிள்ளைக்கு இந்த வரிசைதான் மனதில் பதிய வேண்டும். பூஸ்டர் என்றே விடுங்கள்.

கொட்டாஞ்சேனை உறுப்பினர்:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி டாக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். ஒரு இறப்பர்த் தகட்டுக்கு முன் நாம் கையை விரிக்கலாமா? தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள் நாங்கள். உப்பு வணிகர் வண்டியின் கீழ் மாற்று அச்சுக் கட்டிப் போனதைப் புறநானூறு ‘சேம அச்சு’ என்கிறது.

என் தெரிவு ‘மிதித்துணை’. துணை என்றால் உதவி மட்டுமல்ல, அளவும் கூட. தினைத்துணை நன்றியைப் பனைத்துணையாகக் கொள்வர் என்கிறார் வள்ளுவர். கால் கொடுப்பது தினைத்துணை, சிலிண்டருக்குப் போவது பனைத்துணை. இதைவிடப் பொருத்தம் வேறென்ன?

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:

ஐயா, குறளைப் படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் மிதித்துணையை என் மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். ‘மிதித்து உணை’ என்று பிரித்துவிட்டு, உணை என்றால் என்ன என்று கேட்டாள். முன்னே ‘விசை’யை வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை: விசைத்துணை. வளி என்றோ வெற்றிடம் என்றோ சொல்லில் கட்டவும் இல்லை. தேவைப்படும் இடத்தில் வெற்றிட விசைத்துணை, எண்ணெய் விசைத்துணை என்று பிரிக்கலாம்.

சென்னை உறுப்பினர்:

சரி, எனக்குச் சம்மதம். இங்கேயும் விளங்கும்.

கொட்டாஞ்சேனை உறுப்பினர்:

துணை நிற்கிறதே, போதும்.

பயிற்றுநர், மருதானை:

அக்கா, முதல் தடவை வரும் இடத்திலாவது பக்கத்தில் பூஸ்டர் என்று போடுங்கள். வகுப்பில் நான் இரண்டையும் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:

போடுகிறேன் தம்பி. வியாழன் இரவு பதினொரு மணி, இனிக் காத்திருக்க முடியாது. “மிதி சற்றுக் கீழே இறங்கினால் விசைத்துணை வேலை செய்கிறது” என்று அனுப்பிவிட்டேன்.

ஆசிரியர், தெஹிவளை:

அனுப்பியது சரி தங்கச்சி, ஆனால் நான் உடன்படவில்லை. துணை என்பது யார் துணை, எது தள்ளுகிறது என்று சொல்லவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன். இப்போதைக்கு அந்தச் சோதனைக்குக் கீழே இன்னொன்றைச் சேர்க்க முடிந்தால் சேருங்கள்: எஞ்சின் ஓடும்போது மிதியை அமுக்கிப் பிடித்து, அப்படியே எஞ்சினை நிறுத்தி, 30 செக்கன் காலை எடுக்காமல் இருக்க வேண்டும். மிதி மேலே எழும்பினால் எங்கோ காற்றுக் கசிகிறது.